பயண ஈ-சிம் விற்கும் மட்டக்களப்பு, அம்பாறைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் திருமலை வீதியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கும், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பயண முகவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் உங்களிடம் நாங்கள் ரீலோட் போடவும் போட்டோக் கொப்பி எடுக்கவும்தான் வருவோம். இப்போது கண்ணாடியில் ‘வெளிநாட்டு ஈ-சிம் உண்டு’ என்று ஒட்டியிருக்கிறீர்கள். கையில் அட்டை இல்லாமல், கோட் ஒன்றை ஸ்கேன் செய்து போனுக்குள்ளேயே ஏற்றும் சிம் அது. நல்ல விஷயம். எங்கள் ஊரில் மகளைப் பார்க்கப் போகும் அம்மாக்களும் உம்ராவுக்குப் போகும் உம்மாக்களும் அதை நம்பித்தான் விமானம் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு 66 வயது. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து 19ஆம் நாள், கல்லடியில் இருந்து இரவு வேனில் கட்டுநாயக்காவுக்குப் போய், தோஹாவில் விமானம் மாறி, சூரிச்சில் இறங்கினார். தோளில் ஒரு பை, அதற்குள் சரக்குத்தூள். கையில் போன். போனுக்குள் நம் ஊர்க் கடையொன்றில் வாங்கிய ஈ-சிம். இறங்கியதும் வட்ஸ்அப்பில் ‘வந்திட்டன்’ என்று ஒரு வார்த்தை போடச் சொல்லியிருந்தேன். விமானம் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றைச் சரியோடு நின்றன.

சூரிச் விமான நிலையத்தில் வருகைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மச்சான் ஒரு வாசலில் நின்றார், அம்மா மற்ற வாசலால் வெளியே வந்துவிட்டார். மச்சான் வட்ஸ்அப்பில் எடுக்கிறார், அடிக்கவில்லை. இலங்கை நம்பருக்கு எடுக்கிறார், அதற்கு ரோமிங் திறக்கப்படவில்லை, போகவில்லை. இரண்டு மணி நேரம் அம்மா ஒரு தூணடியில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் பொட்டையும் சேலையையும் கண்டு ஒரு பிள்ளை கிட்ட வந்து, “அம்மா, ஆரைத் தேடுறியள்?” என்று தமிழில் கேட்டதாம். அந்தப் பிள்ளையின் போனில்தான் மச்சானோடு பேசினார்கள். யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்க வேண்டும்.

அன்று இரவு தங்கச்சி வீட்டு வைஃபையில் அம்மா வீடியோ கோலில் வந்தார். “எல்லாம் சரியாத்தான் போட்டுத் தந்தவன் மனே, ஆனா ஒண்டும் வருதில்ல” என்றார். தங்கச்சியின் போன் வழியாக அம்மாவின் போனை எனக்குக் காட்டச் சொன்னேன். ஈ-சிம் ஏறியிருந்தது. சிக்னல் கோடுகள் நான்கும் நின்றன. ஆனால் மொபைல் டேட்டா இன்னும் இலங்கைச் சிம்மிலேயே இருந்தது. டேட்டா ரோமிங் இரண்டு சிம்முக்கும் அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது யார் என்று கேட்டேன். கடையில் அந்தத் தம்பிதானாம். “ரோமிங்கைத் தொட்டுடாதீங்கம்மா, காசு வெட்டிரும்” என்று சொல்லி அவரே அணைத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அம்மாவைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் பயண ஈ-சிம்மில் அந்தப் பழைய புத்திமதி செல்லாது. இந்த ஈ-சிம்கள் பெரும்பாலும் போகிற நாட்டுக் கம்பனியின் சொந்தச் சிம் அல்ல. வேறொரு நாட்டுக் கம்பனியின் சிம். சுவிஸில் இறங்கியதும் அது ஸ்விஸ்கொம், சன்ரைஸ், சால்ட் என்ற மூன்றில் ஒன்றோடு விருந்தாளியாகச் சேருகிறது. விருந்தாளியாகச் சேருவதற்குப் பெயர்தான் ரோமிங். அந்த ஆளியை (சுவிட்சை) போடாவிட்டால் கோடு நான்கும் காட்டும், ஆனால் ஒரு எழுத்தும் போகாது. காசு வெட்டும் என்ற பயமும் இதில் இல்லை. டேட்டாப் பொதிக்கு முன்கூட்டியே காசு கட்டியாயிற்று, டேட்டா முடிந்தால் நிற்கும், அவ்வளவுதான். காசு வெட்டக்கூடியது இலங்கைச் சிம்மின் ரோமிங்கில் ஓடும் டேட்டா. ஆக, ஈ-சிம்முக்கு ரோமிங் போட வேண்டும், இலங்கைச் சிம்முக்கு டேட்டா ரோமிங் அணைக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஆளிகள். ஐபோனில் ‘மொபைல் டேட்டா மாற்றத்தை அனுமதி’ என்று இன்னொன்றும் உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாக மற்றச் சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் விளங்கப்படுத்தி அனுப்பியிருந்தால் அம்மா அந்தத் தூணடியில் நின்றிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் யார் வெளிநாடு போனாலும் முதல் நாள் பின்னேரம் என் வீட்டு விறாந்தைக்குப் போனைக் கொண்டு வந்துவிடுகிறார்கள். இதுவரை பதினொரு போன் பார்த்துவிட்டேன். அதில் கண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு இது பாடம் நடத்துவதாகப் படக்கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

கியூஆர் கோட்டை நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். அது வந்து நிற்பது அதே போனின் திரையில். கமரா அந்தப் போனின் முதுகில். தன் திரையைத் தானே எப்படி ஸ்கேன் செய்வது? புதிய போன்கள் சிலவற்றில் படத்தை அழுத்திப் பிடித்தால் வழி உண்டு. நம் ஆட்கள் கொண்டுவரும் போன்களில் பலது அப்படியல்ல. உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது. ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள், கோட்டுக்குக் கீழே அதற்குள் இருக்கும் சேவர் முகவரியையும் செயற்படுத்தும் குறியீட்டையும் எழுத்தில் போடுங்கள். கமரா ஏமாற்றினாலும் தட்டி ஏற்றலாம்.

அதைவிட நல்லது, உங்கள் கடை வைஃபையிலேயே ஏற்றிக் கொடுத்து அனுப்புவது. ஈ-சிம்மை இறக்குவதற்கு இணையம் வேண்டும். போய் இறங்கிய இடத்தில் இணையம் இல்லை என்பதற்காகத்தானே ஈ-சிம் வாங்குவதே. விமான நிலைய வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். பல இடங்களில் அந்த வைஃபைக்குள் போகவே போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கம் கேட்கும். முன்கூட்டி ஏற்றினால் நாள் ஓடிவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. சில பொதிகளுக்கு நாள் கணக்கு அந்த நாட்டு வலையமைப்பில் முதல் தடவை சேரும்போது தொடங்கும், சிலவற்றுக்குப் போனில் ஏற்றியதுமே தொடங்கும். எது எப்படி என்று விற்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்றிய ஈ-சிம்மை அழிக்க வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை சொல்லுங்கள். காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் உம்ராவுக்குப் போய் ஜித்தாவில் இறங்கினார். டேட்டா வரவில்லை. சிம்மைக் கழற்றிப் போடுவது போல நினைத்து ஈ-சிம்மை அழித்துவிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்தார். கோட் ஏற்கெனவே பாவிக்கப்பட்டது என்று வந்தது. பெரும்பாலான கோட்கள் ஒரு தடவைக்குத்தான். வாங்கிய கடைக்கு எடுத்தால் இங்கே நடுச்சாமம், கடை பூட்டு. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ரோமிங் ஆளி ஒன்றுதான் என்று இப்போதும் நினைத்து மனம் சலிக்கிறது.

விற்பதற்கு முதல் போனைப் பாருங்கள். *#06# அடித்தால் போனின் ஐஎம்ஈஐ அடையாள இலக்கங்களோடு, ஈஐடி என்று ஈ-சிம் சில்லுக்கான 32 இலக்கமும் வந்தால் அந்தப் போனில் ஈ-சிம் உண்டு. ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இருக்கிறது, ஆனால் சீனாவுக்கென்று செய்யப்பட்ட இரட்டைச் சிம் ஐபோன்களில் பலதில் இல்லை. நம் ஊரில் கை மாறி வரும் போன்களில் அவையும் இருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் தவணையில் வாங்கிப் பாவித்துவிட்டு அனுப்பிய போன் என்றால் அந்த நாட்டுக் கம்பனியின் பூட்டு இருக்கலாம். பூட்டு இருந்தால் வேறு கம்பனிச் சிம்மை எடுக்காது. ஐபோனின் ‘அபவுட்’ பக்கத்தில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அரை நிமிட வேலை.

பொதியின் பெயரை மட்டும் பார்த்து விற்க வேண்டாம். ‘ஐரோப்பா’ என்று இருந்தாலும் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சில பொதிகளில் சுவிஸ் உண்டு, சிலவற்றில் இல்லை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சுவிஸில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடுகளின் பட்டியலைத் திறந்து, போகிற நாட்டின் பெயரை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். வழியில் விமானம் மாறும் நாடு பட்டியலில் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். தோஹாவில் டேட்டா வராதபோது சிம் பழுது என்று அம்மா அங்கேயே பயந்துவிட்டார். அது பழுது அல்ல, பொதியில் கட்டார் இல்லை. ரோமிங் ஆளி சரியாக இருந்திருந்தாலும் அங்கே வந்திராது.

எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் அடுத்தது ஏபிஎன், அதாவது எந்த வாசலால் இணையத்துக்குப் போவது என்று போனுக்குச் சொல்லும் பெயர். சிம் தானாக நிரப்பிக்கொள்ளும், சில வேளை நிரப்பாது. அந்தச் சொல்லைப் பொதியின் குறிப்பில் இருந்து எடுத்துத் தாளில் பெரிதாக, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல், எழுதிக் கொடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் வலையமைப்பைப் போன் தானாகத் தெரிவு செய்வதை அணைத்து, பட்டியலில் வருவதில் ஒன்றைக் கையால் தெரிவு செய்ய வேண்டும். பிறகு விமான மோடை அரை நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். இதற்கு மேல் வேண்டியிருந்தது நான் பார்த்த பதினொரு போனில் ஒன்றே ஒன்று.

இன்னொன்று, இந்த ஈ-சிம்களில் பலது டேட்டாவுக்கு மட்டும். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. வங்கியின் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும். அதனால் இலங்கைச் சிம்மைக் கழற்ற வேண்டாம், எஸ்எம்எஸ் வருவதற்குப் போக முன்னரே அந்தக் கம்பனியிடம் ரோமிங் திறந்துகொள்ள வேண்டும், போனில் அந்தச் சிம்மின் டேட்டா ரோமிங் ஆளி மட்டும் அணைந்தே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். வட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தச் சொல்லுங்கள். ஒரு பெரியம்மா மாற்றப் போய்க் குழம்பி, நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார்.

சரி, நான் கேட்பது என்ன? ஒரு கதிரை, பத்து நிமிடம், ஒரு தாள். வாடிக்கையாளரை இருத்தி, அவர் கையாலேயே அந்த ஆளிகளைப் போட்டு எடுக்கச் செய்யுங்கள். நீங்கள் விறுவிறென்று தட்டிக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் பதியாது. ஈ-சிம்மை போனில் ‘பயணம்’ என்று பெயரிட்டு விடுங்கள், ‘சிம் 2’ என்று இருந்தால் எது எதுவென்று தெரியாது. இரவிலும் பார்க்கக்கூடிய ஒரு வட்ஸ்அப் நம்பரைத் தாளில் போடுங்கள். அங்கே பகல் நடக்கும்போது இங்கே பல வேளை இரவு. அதற்கு வழி இல்லையென்றால் விற்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்வார். இதற்கு மேலதிகமாகக் காசு எடுப்பதென்றாலும் எடுங்கள். நான் கொடுப்பேன், என்னைப் போல நிறையப் பேர் கொடுப்பார்கள்.

தாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆண்ட்ராய்டு, மறுபக்கம் ஐபோன். கண்ணாடி போடாமல் வாசிக்கும் அளவு எழுத்து. செட்டிங்ஸில் வரும் ஒவ்வொரு சொல்லும் போனில் எப்படித் தெரியுமோ அப்படியே படமாக, பக்கத்தில் தமிழில். வரும் போயா லீவில் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி நகரத்துக் கடைகளுக்கு நானே கொண்டு வருகிறேன். காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் அதற்கடுத்த ஞாயிறு. கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைப் பெயரை மேலே போட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் தேவையில்லை. பிழை கண்டால் பேனாவால் வெட்டித் திருத்தி எனக்கும் காட்டுங்கள்.

அம்மா அடுத்த மாதம் திரும்புகிறார். தோஹாவில் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். இம்முறை கட்டாரும் உள்ள பொதியாகப் பார்த்து, அதே கடைத் தம்பியிடம்தான் வாங்கப் போகிறேன். தாளின் முதல் கொப்பியும் அவருக்குத்தான்.

அன்புடன்,
கல்லடியில் இருந்து ஒரு வாடிக்கையாளன்