பீரோ விற்பனைக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு வாங்குவோர் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீடு விற்பனைக்கு இருக்கிறது, நாங்களும் இன்னும் அதில்தான் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

"பார்ட்டியோட கீழதான் நிக்கிறேன், அஞ்சே நிமிஷம்" என்று தரகர் போன் செய்யும்போதே பாதிப் படி ஏறியிருப்பார். என் மகள் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குபவள். அவள் எழுந்து, போர்வையைச் சுருட்டி, தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓரமாய்ப் போய் நிற்க வேண்டும். முந்தின நாளே சொன்னால் நாங்களே வெளியே போய்விடுவோம். வருகிறவர்களுக்கும் அதுதான் வசதி. வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து "இந்த ஜன்னலில் காற்று அள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் எப்படி மனம்விட்டுப் பேசுவார்கள்?

சரி, வந்தவர்கள் எதைத் தொடலாம்? சுவரோடு சேர்ந்தது எல்லாம் விலையில் அடக்கம் என்பது என் கணக்கு. பரண், சமையலறை அலமாரி, சிங்குக்கு அடியில் உள்ள கதவு, தாராளமாகத் திறங்கள். ஒரு அம்மா சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பார்த்தார். அப்புறம் குனிந்து, சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். எனக்குக் கோபமே வரவில்லை. வாங்குபவர் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பீரோ எங்களுடையது. ஃபிரிட்ஜும் எங்களுடையது. குளியலறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை என் கணவரின் மாத்திரைகள். அந்தப் பெட்டியும் சுவரோடு சேர்ந்ததுதானே என்று தயவுசெய்து வாதாடாதீர்கள்.

கேட்காமல் வீடியோ எடுக்கவும் வேண்டாம். ஒரு தம்பி எடுத்ததில் பேரனின் பள்ளிப் படமும், ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தும் பளிச்சென்று விழுந்திருந்தன. சாவியின் வெட்டு தெளிவாகத் தெரிந்தால் படத்தை வைத்தே மறுசாவி போட்டுவிட முடியும்.

தரகர் ஒருவர் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டே, "அவசரத்துல விக்கிறாங்க, அழுத்திக் கேட்டா இறங்குவாங்க" என்று வந்தவர் காதில் போட்டார். எங்களிடம் கமிஷன் பேசியவர் அவர்! இரண்டு பக்கமும் வாங்குவதாக இருந்தால் அதை இரண்டு பக்கமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டாமா?

விற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓதம் ஏறிய சுவருக்குப் புது பெயின்ட் அடித்து, அதன் முன்னால் சோபாவை நகர்த்தி வைப்பவர்கள் உண்டு. வெளியே போய் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் பேசுவதைக் கேமராவில் ஒட்டுக்கேட்பவர்களும் உண்டு. அது அசிங்கம்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று போகிறவர்கள், பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒரு வரி போதும், யாரும் வருத்தப்பட மாட்டோம். ஒருவர் மட்டும் சமையலறை இருட்டாக இருக்கிறது என்று காரணத்தோடு தகவல் அனுப்பினார். மறுநாளே அங்கே விளக்கை மாற்றிவிட்டோம்.

இப்படிக்கு,
வீடு விற்கக் காத்திருக்கும் ஒரு வாசகி