நெல்லை அளக்கிறீர்கள், வயலை எப்போது அளப்பீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல் வயலில் இருந்து பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயு கிளம்புகிறது, டெல்டா விவசாயம் இப்படியே போனால் தாங்காது என்று சமீபத்தில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோபம் வரவில்லை, அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்ணீர் கட்டி நிற்கிற சேற்றில் காற்று புகாது, காற்றில்லாத இடத்தில் வாழ்கிற நுண்ணுயிர்கள் மட்கும் தாளையும் வேரையும் தின்று மீத்தேனை விடும், அது நெற்பயிரின் உள்ளே இருக்கிற காற்றறைகள் வழியாகவே மேலே ஏறி வெளியே வந்துவிடும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாங்கும், தாங்காது என்று சொல்கிறவர்கள் எதை அளந்து சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. திருவாரூர் பக்கம் முப்பது வருடமாகச் சாகுபடி செய்கிறேன். என் நெல்லை ஒவ்வொரு போகமும் அளக்கிறார்கள், ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டியதுதான். என் வயலை அளக்க யாரும் வந்ததில்லை.

இல்லை, ஒரு தடவை வந்தார்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், கார அமிலநிலையில் இருந்து துத்தநாகம், போரான் வரை 12 விஷயம் பார்த்து அட்டை கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று விதி வைத்திருந்தார்கள், அதாவது ஆறேகால் ஏக்கர், எங்கள் கணக்கில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வேலிக்குள் மடைக்குப் பக்கத்து நல்ல வயலும் இருக்கும், எதைப் போட்டாலும் எழும்பாத களர்த் துண்டும் இருக்கும், மூன்று நான்கு பேருடைய நிலமும் இருக்கும். எங்கள் எல்லோர் அட்டையிலும் ஒரே எண். அந்த எண் யார் வயலுடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பேரன் நோட்டில். போன சம்பாவுக்கு ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா போட்டேன். மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஆக 83 கிலோ. ஒரு மூட்டை டிஏபி உரத்தில் 9 கிலோ, மொத்தம் 92. விளைந்தது 60 கிலோ மூட்டையில் நாற்பது, அதாவது 2,400 கிலோ நெல். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 1.1 கிலோ தழைச்சத்து, வைக்கோலில் 0.6 கிலோ என்று வேளாண்மை படித்த என் மருமகன் சொன்னார். இரண்டும் சேர்த்து வயலை விட்டு வெளியே போனது 41 கிலோ. மிச்சம் 51 கிலோ எங்கே? கொஞ்சம் மண்ணில் இருக்கும், மற்றது அம்மோனியாவாகக் காற்றில், நைட்ரேட்டாக நிலத்தடியில், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் போயிருக்கும். அந்த நைட்ரஸ் ஆக்சைடு எடைக்கு எடை கரியமில வாயுவை விட 270 மடங்கு சூடேற்றுமாம். போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குப் போகவில்லை என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அது பூமி சூடாவதை நினைத்து இல்லை, காசை நினைத்து. இப்போது இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால்தான் யூரியா. இந்தக் கூட்டல் கழித்தல் கணக்கு எனக்குப் பத்து நிமிட வேலை. இதை யாரும் ஏன் எங்களிடம் முன்பே சொல்லவில்லை?

தண்ணீரும் அப்படித்தான். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத்தான் பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு குழாயை வைத்து அளவாக்கியது. ஒரு அடி நீளக் குழாய், கீழ்ப்பகுதியில் சுற்றிலும் ஓட்டை, வயலில் பதித்து உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் அடியில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும். குறுவையில் போர்வெல் வைத்திருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஐப்பசி மழையில் சம்பாவை எப்படிக் காயவிடுவது, வடிந்தால் போதும் என்று கும்பிடுகிற நேரம் அது. முறைப் பாசனம் வைக்கும்போது கடைமடைக்காரனிடம் தண்ணீரைக் குறை என்றால் சிரிப்பான், அடுத்த முறை வருமா வராதா என்று தெரியாதவன் கிடைத்ததைக் கட்டித்தான் வைப்பான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, கட்டுரைகளில் இது வருவதே இல்லை. மண்ணுக்கு நல்லது என்று பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடும். வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும், ஆனால் யூரியா அதிகமாகக் கிடந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு மீத்தேன் என்று கணக்கெடுத்தால் 110 நாளில் முடிகிற ஆடுதுறை 43 ரகம் ஜெயிக்கும், ஐந்து மாதம் தண்ணீரில் நின்று குறைவாக விளைகிற மாப்பிள்ளைச் சம்பா தோற்கும். ஏக்கருக்கு எவ்வளவு யூரியா என்று கேட்டால் தலைகீழ். சம்பா அறுக்கும் முன்பே ஈரத்தில் விதைத்த உளுந்து அடுத்து வந்து மண்ணில் தழைச்சத்தை ஏற்றுகிறதே, அதை யார் கணக்கில் சேர்ப்பது? ஒரு வயலுக்கு நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒரே எண்ணைக் கொடுக்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடம் முன்பு, வயலைக் காயவிட்டு மீத்தேனைக் குறைத்தால் அதற்குக் கார்பன் காசு வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தில் இருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். வரப்பில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு, எத்தனை தடவை காயவிட்டீர்கள் ஐயா என்று கேட்டார்கள். நாலு என்றேன். எழுதிக்கொண்டார்கள். பத்து என்று சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பார்கள். காசும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. கார்பன் வரவுகளைப் பதிவு செய்கிற வெர்ரா என்ற அமைப்பு 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தள்ளுபடி செய்ததைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன்களின் முகம்தான் ஞாபகம் வந்தது. மீத்தேனை நிஜமாகவே அளக்க வேண்டும் என்றால் பயிரின் மேல் காற்றுப் புகாத பெட்டியைக் கவிழ்த்து, ஊசியில் வாயுவை உறிஞ்சி, ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் ஒரு நாள் இல்லை, போகம் முழுக்க. வாயால் கேட்டு எழுதுவது அளவு ஆகாது.

கோவையில் 1909இல் ஆரம்பித்த நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. ஒரே நிலம், பாத்திக்குப் பாத்தி அதே உரம் அல்லது அதே தொழு உரம், நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மண்ணில் கரிமம் ஏறுவதும் இறங்குவதும் அத்தனை மெதுவாக நடக்கிற காரியம், ஒரே வருடத்தில் ஒருவர் வந்து உங்கள் மண் தேறிவிட்டது என்று சொன்னால் அவர் வேறு எதையோ விற்க வந்திருக்கிறார். அந்த மாதிரி வயல் டெல்டாவின் ஒவ்வொரு வட்டாரத்திலும் விவசாயி நிலத்திலேயே ஒன்று வேண்டும், குத்தகை கொடுத்தாவது.

அளப்பது என்றாலே எங்கள் ஆட்களுக்குப் பயம் இருப்பதையும் சொல்ல வேண்டும். இலவச மின்சார மோட்டாருக்கு மீட்டர் வைத்தால் நாளைக்குக் கட்டணம் வரும் என்று நினைக்கிறார்கள். 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து மின் கட்டணப் போராட்டங்களையும் துப்பாக்கிச் சூட்டையும் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது, அந்தப் பயம் காரணமில்லாதது இல்லை. அதனால்தான் எத்தனை லட்சம் லிட்டர் மேலே வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம், நானும்தான். அளவு முதலில் விவசாயி கையில் இருக்கும், அதை வைத்து மானியத்தில் கை வைக்கமாட்டோம் என்று அரசு எழுத்தில் கொடுத்தால் நிறைய பேர் முன்வருவார்கள், நான் முதல் ஆளாக வருகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் ஐயா. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், நாங்களும் காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறோம். கண்காணிப்புக் கிணறுகளில் எடுக்கிற எங்கள் வட்டார நிலத்தடி நீர்மட்டத்தையும் மாதம் ஒரு நாள் அதன் பக்கத்தில் போடுங்கள், போன வருடம் அதே மாதம் எவ்வளவு என்பதோடு.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.