ஆகஸ்டுக்குக் காத்திராதீர்கள்: டாலஸ் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா, அம்மாக்களுக்கு,

வணக்கம். ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன், மெக்கின்னி என்று டாலஸுக்கு வடக்கே பரவியிருக்கும் நம் குடும்பங்களில், 10, 11 வயதுப் பெண் பிள்ளை இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, ரெக் லீகில் (யாரும் சேரக்கூடிய உள்ளூர் லீக்) இரண்டு சீசன் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) ஆடிவிட்டு, "நான் டிராவல் டீம் டிரையவுட்டுக்குப் போகட்டுமா?" என்று மகள் கேட்க, நீங்கள் "பார்க்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டிருக்கும் வீடுகளுக்காக. டிராவல் டீம் என்பது ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வார இறுதிகளில் போட்டிகளுக்குப் போகும் அணி. டிரையவுட் அந்தத் தேர்வு நாள்.

நான் 12யூ (12 வயதும் அதற்குக் கீழும்) டிராவல் அணி ஒன்றின் மேலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டல் முன்பதிவு, யூனிஃபார்ம் அளவு, கட்டண வசூல், பிறப்புச் சான்றிதழ் நகல்கள், ஸ்கோர் எழுதுவது என்று சம்பளமில்லாத குமாஸ்தா வேலை. ஆனால் அணிக்கு ஆள் சேர்க்கும் நாட்களில் கோச்சுகளுக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பவள் நான்தான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

நம்மவர்கள் டிரையவுட்டை நுழைவுத் தேர்வாக நினைக்கிறார்கள். அறிவிப்பு வரும், படிவம் நிரப்புவோம், குறித்த நாளில் போய் நிற்போம், நன்றாக ஆடினால் இடம் கிடைக்கும் என்று. நாம் படித்து வந்த விதம் அப்படி. டிராவல் பாலில் நடப்பது வேறு. கோடைக்காலத்தின் பெரிய போட்டிகள் ஜூலைக் கடைசியில் முடிந்ததும் ஆகஸ்டில் டிரையவுட் வைக்கிறார்கள், சரி. ஆனால் 12 பேர் கொண்ட அணியில் ஏழெட்டுப் பேர் போன வருடத்திலிருந்தே தொடர்பவர்களாக இருப்பார்கள். மிச்சமுள்ள இடங்களிலும் சில, கோச் ஏற்கெனவே மனதில் குறித்துவைத்த பிள்ளைகளுக்குப் போய்விடும். வேறு அணியில் ஆடும்போது அவர் பார்த்த பிள்ளை, ஆள் குறைந்த ஒரு வார இறுதியில் 'கெஸ்ட் பிளேய'ராக வந்து ஆடிக்கொடுத்த பிள்ளை, ஜூலையில் தனியாக ஒரு பயிற்சிக்கு வந்துபோன பிள்ளை. ஆகஸ்டில் நூறு டிகிரி வெயிலில் மைதானம் நிறையக் கூட்டம் நிற்கும்போது, உண்மையில் காலியாக இருப்பது ஒன்றோ இரண்டோதான்.

இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஓடவிட்டு, எறியவிட்டு, ஆளுக்குப் பத்துப் பந்து அடிக்கவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க எந்தக் கோச்சாலும் முடியாது. அதனால் முன்பே பார்த்தவளை நம்புகிறார்கள். ஆனாலும் இது முழுக்க நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கு யாரைத் தெரியும் என்பதில் பாதி காரியம் நடந்துவிடுகிறது. இந்த ஊரில் மூன்று தலைமுறையாகப் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடிவரும் குடும்பங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். நமக்கு யாரும் சொல்வதில்லை.

அதனால் ஜூனிலேயே எழுதுங்கள். கோச்சுக்கு நாலு வரி போதும்: பிறந்த தேதி, உயர்நிலைப் பள்ளி முடிக்கும் ஆண்டு, எந்த இடங்களில் ஆடுகிறாள், எந்தக் கையால் எறிகிறாள், எந்தப் பக்கம் நின்று அடிக்கிறாள், இப்போது எந்த அணி. கடைசியில், "உங்கள் பயிற்சி ஒன்றுக்கு வந்து ஆடிப்பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வி. இப்படிக் கேட்பதைச் சிபாரிசுக்கு அலைவதாக நினைத்து நம்மவர்கள் கூசுகிறார்கள். இங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை, பதில் போடாத கோச்சுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதினாலும் தப்பில்லை. ஆனால் மகளின் கணக்குப் போட்டிப் பரிசுகளையும் பியானோ கிரேடுகளையும் அதில் சேர்க்க வேண்டாம். அப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் வருகின்றன. கோச்சுகள் புன்னகையோடு படிப்பார்கள். அவ்வளவுதான்.

கோச்சுகள் எதைப் பார்க்கிறார்கள்? பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறாள் என்பதைத்தான் அப்பாக்கள் கவனிக்கிறார்கள். எங்கள் கோச்சுகள் முதலில் பார்ப்பது எறிவதை. முழங்கை எங்கே இருக்கிறது, கால் எந்தத் திசையில் போகிறது, ஓடிக்கொண்டே எடுத்த பந்தை முதல் பேஸுக்கு நேராக அனுப்ப முடிகிறதா. அடிப்பதை ஒரு குளிர்காலத்தில் திருத்திவிடலாம், எறிவதைத் திருத்த அதைவிட நாளாகும். அப்புறம் காலைப் பார்ப்பார்கள். தரையில் உருண்டு வரும் பந்துக்குக் கையை மட்டும் நீட்டுகிறாளா, கால் முதலில் நகர்கிறதா? பந்து தன்னிடம் வராதபோது என்ன செய்கிறாள் என்பதும் முக்கியம். மற்றவள் எறிந்தது தப்பினால் பிடிப்பதற்காகப் பின்னால் ஓடிப்போய் நிற்கும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் கோச் ஒரு நட்சத்திரம் போடுவார்.

இன்னொன்று. பந்தைத் தவறவிட்டதும் பிள்ளை முதலில் எங்கே பார்க்கிறாள்? அடுத்த பந்தைப் பார்க்கிறவளுக்கும், வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். "பந்தைப் பாரு, பந்தைப் பாரு" என்று தமிழில் கத்தினால் கோச்சுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். எந்த மொழியாக இருந்தாலும் அது அவர்களுக்குப் புரியும். தயவுசெய்து பார்க்கிங் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள்.

கிரிக்கெட் ஆடி வளர்ந்த அப்பாக்களுக்கு ஒரு சொல். உங்கள் மகள் நன்றாகப் பிடிக்கிறாள், எறிகிறாள் என்றால் அதில் உங்கள் பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் மட்டை பிடிப்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. 12யூ சாஃப்ட்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் இடத்திலிருந்து, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 40 அடிதான். மணிக்கு 50 மைல் வேகத்தில் விட்டால் பந்து வந்துசேர ஏறக்குறைய அரை வினாடி ஆகும். தரையில் குத்தி எழும்பும், அதைப் பார்த்து ஆடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆள் பஞ்சம் எப்போதும் பிட்சருக்கும், அடிப்பவளுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும்தான். கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து விடும் அந்தப் பந்துவீச்சு ஒரு சீசனில் வராது. ஒன்பது, பத்து வயதில் தொடங்கி, வாரத்தில் மூன்று நான்கு நாள் வீட்டு முற்றத்திலோ கராஜிலோ எறிந்து எறிந்துதான் வரும். எதிரே கவிழ்த்த பக்கெட்டின் மேல் ஒருவர் உட்கார்ந்து பிடிக்க வேண்டும், முழங்காலில் அடிவாங்கத் தயாராக. அந்தப் பக்கெட் உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்சர் கதை வேறு. கனமான கவசத்தோடு ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எழுவதற்கு யாரும் முன்வருவதில்லை. அதனால் "எனக்கு கேட்ச் பண்ணப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைக்கு எந்த அணியிலும் கதவு திறக்கும்.

இனி வார இறுதி. இதுதான் நம் வீடுகளில் உண்மையான தடை என்பது என் எண்ணம். சனிக்கிழமை பூல் (குழுவுக்குள் நடக்கும்) ஆட்டங்கள், ஞாயிறு நாக்அவுட் (தோற்றால் வெளியே). காலை எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே மைதானத்தில் இருக்க வேண்டும். தோற்றால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஜெயித்துக்கொண்டே போனால் இருட்டிவிடும். எங்கள் அணியில் ஒரு பிள்ளையின் தமிழ்ப் பள்ளி வருகை, நாங்கள் எவ்வளவு மோசமாக ஆடுகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொஞ்சம் லேசு. குளிர்காலத்தில் கூரைக்குள் பயிற்சி. பிப்ரவரியில் சூடுபிடித்து, ஜூன், ஜூலையில் வேறு எதற்கும் நேரம் இருக்காது. வெளியூர்ப் போட்டிகள் சிலவற்றில், அவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அணிக் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டும், பெரிய கிளப் என்றால் பல ஆயிரம். நல்ல மட்டை ஒன்று 300 முதல் 500 டாலர். பிட்சிங் பயிற்சிக்குத் தனிக் காசு. உங்களைப் பயமுறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. ஆகஸ்டில் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் பிப்ரவரியில் விலகுகிறார்கள்.

விலகுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரங்கேற்றம் வருகிறது, ஊருக்குப் போகிறோம், கணக்குப் போட்டி இருக்கிறது என்று நடுவில் பிள்ளையை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. டென்னிஸிலும் நீச்சலிலும் அதில் நஷ்டம் உங்களுக்கு மட்டும். இங்கே 11 பேரை வைத்து ஒரு சீசனையே திட்டமிட்டிருக்கிறோம். இரண்டாம் பேஸ்காரி விலகிவிட்டால், மே மாதத்தில் அந்த இடத்துக்கு யாரைத் தேடுவது? எல்லோரும் வேறு அணிகளில் இருக்கிறார்கள். அரங்கேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதியை ஆகஸ்டிலேயே சொல்லுங்கள். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போவதையும் சொல்லிவிடுங்கள், அந்த மாதத்தில் யாருக்கும் சிரமமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான கோச்சுகள் வளைந்து கொடுப்பார்கள். எங்கள் அணியில் நாடக வகுப்புக்காக வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வராத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். முதல் நாளே அவள் அம்மா சொல்லிவிட்டார், யாருக்கும் மனக்குறை இல்லை.

"வெயிலில் கறுத்துப்போவாளே" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. "முகத்தில் பட்டால்?" என்பது நியாயமான கேள்வி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அது மிருதுவானதல்ல. அடிக்கும்போது கம்பி வலை வைத்த ஹெல்மெட் உண்டு. பிட்சரும் இன்ஃபீல்டில் நிற்பவர்களும் தனியாக முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். அணி கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

தேர்வு உங்கள் மகளுக்கு மட்டும் நடப்பதல்ல. அணியையும் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் அழைப்பு வந்த சந்தோஷத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) எத்தனை பேர்? 14 என்றால் யார் பெஞ்சில் உட்காருவார்கள்? ஞாயிறு ஆட்டங்களில் எல்லோருக்கும் வாய்ப்பு உண்டா, சனிக்கிழமை மட்டும்தானா? வருடத்துக்கு எத்தனை போட்டிகள், எத்தனை வெளியூர்? விலகினால் பணம் திரும்புமா? கோச்சின் மகள் அணியில் இருக்கிறாளா, எந்த இடத்தில்? அப்பா கோச் என்றால் மகள்தான் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் முக்கியமான இடம்) என்பது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. எல்லா அணியிலும் அப்படி இல்லை, ஆனால் கேட்பதில் தவறில்லை. "இங்கேயே, இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்று நெருக்குகிறவர்களிடம், மகளோடு பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

கிளப் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கிளப்புகளில் ஒரே வயதுப் பிரிவிலேயே பல அணிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோச். சட்டையில் உள்ள பெயர் ஒன்றுதான், தரம் ஒன்றல்ல. டிரையவுட்டுக்கு முன் அந்தக் குறிப்பிட்ட அணியின் ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளை பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக்அவுட் ஆகித் திரும்பி வரும்போது கோச் அவளிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தால் போதும்.

கடைசியாக, கல்லூரி. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலின் பட்டப் போட்டியான 2025 கல்லூரி உலகத் தொடரின் இறுதிப் போட்டியில் டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகமும் மோதின. டெக்சஸ் முதல்முறையாகப் பட்டம் வென்றது. டெக்சஸ் டெக் பிட்சர் நைஜாரி கனடிக்கு ஓராண்டுக்கு ஒரு மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் என்ற செய்தியும் எல்லோர் காதுக்கும் எட்டியது. அதற்குப் பிறகு, பத்து வயது மகளை நிறுத்திவைத்துக்கொண்டு ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். 2018இல் வந்த என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதிப்படி, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை டிவிஷன் 1 (அதன் மேல்மட்டப் பிரிவு) கோச்சுகள் பிள்ளையிடம் ஆள் சேர்க்கும் பேச்சையே எடுக்கக் கூடாது. டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. 12 வயதில் இந்தக் கணக்கோடு வருகிற பெற்றோரைப் பார்த்தால் நானே கொஞ்சம் தயங்குகிறேன். அதைவிட, மகளை ஒருமுறை ஓக்லஹோமா சிட்டிக்கு அழைத்துப்போங்கள். மூன்று மணி நேரக் கார்ப் பயணம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அந்தத் தொடர் அங்கேதான் நடக்கிறது. 2028 ஒலிம்பிக்ஸின் சாஃப்ட்பால் ஆட்டங்களும் லாஸ் ஏஞ்சலஸில் இல்லை, அங்கேதான். உட்கார்ந்து பார்க்கும்போது அவள் செல்போனை எடுக்கிறாளா, ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாளா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டிகளைத் தாராளமாக மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். விதி எதுவும் புரியாவிட்டாலும் கைதட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மடக்கு நாற்காலியும் மோரும் மறக்க வேண்டாம்.

எங்கள் அணிக்கு வரும் சீசனில் ஒரு கேட்சரும், இடது பக்கம் நின்று அடிக்கும் வேகமான அவுட்ஃபீல்டர் ஒருத்தியும் தேவை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்குப் பயிற்சி. முதல் தடவை சும்மா வந்து ஆடிப்பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
12யூ அணி ஒன்றின் மேலாளர், ஒரு பிட்சரின் அம்மா