முயல் தீனிப் பொதி தொடர்பான முறைப்பாடு

பரந்தன்,
கிளிநொச்சி மாவட்டம்.
12.08.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா அல்லது அம்மணி,

எடை குறைந்த, உள்ளடக்கம் மாறிய, திகதி மறைக்கப்பட்ட முயல் தீனி

கடந்த ஜூன் மாதம் 29ஆம் திகதி, கிளிநொச்சி நகரில் உள்ள கால்நடைத் தீனிக் கடையொன்றில் தங்கள் நிறுவனத்தின் முயல் தீனிப் பொதியொன்றை 2,250 ரூபா கொடுத்து வாங்கினேன். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக இதே பெயரில், இதே படத்துடன் வரும் தீனியைத்தான் வாங்கி வருகிறேன். அந்தப் பழக்கத்தாலும் நம்பிக்கையாலும் பொதியின் பின்புறத்தைக் கடையில் வைத்தே வாசித்துப் பார்க்கவில்லை. அது என் கவலையீனம் என்பதை ஒப்புக்கொண்டு, மீதியைத் தங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் எடை. முன்பு 2,250 ரூபாவுக்கு 5 கிலோ இருந்தது. இப்போது அதே விலைக்கு, அதே உயரமும் அகலமும் கொண்ட பையில், 4 கிலோ மட்டுமே இருக்கிறது. கிலோ 450 ரூபாவாக இருந்த தீனி 562 ரூபா 50 சதத்துக்கு ஏறிவிட்டது. இது நூற்றுக்கு இருபத்தைந்து விலையேற்றம். விலை ஏறுவதைப் புரிந்துகொள்ளாதவள் அல்ல நான். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு விளைச்சல் குறைந்ததையும், 2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனதையும், சோளம் கிடைக்காமல் கோழிப் பண்ணைகள் மூடப்பட்டதையும் நாங்களும் கண்டோம். அந்த நாட்களில் தங்கள் பொதியின் விலை வெளிப்படையாக இரண்டு தடவை ஏறியது, நானும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினேன். வெளிப்படையாக ஏற்றிய விலையோடு வாழப் பழகலாம். பையின் அளவை மாற்றாமல் உள்ளே ஒரு கிலோவை எடுத்துவிடுவது வேறு விடயம். நெல் விளையும் இந்த மண்ணில் ஒரு கிலோ முயல் தீனியின் விலைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வாங்கலாம் என்ற நிலையில், ஒவ்வொரு கிலோவும் எங்கள் வீட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆயினும் எடைக்காக மட்டும் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பையினுள் இருந்த தீனியே மாறியிருந்தது என்பதுதான் என் முறைப்பாட்டின் மையம்.

பழைய பொதியொன்றை வெட்டி முயற்கூட்டின் அடியில் விரித்திருந்தேன். அதை எடுத்துப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பழையதில் நார்ச்சத்து குறைந்தது 18 வீதம் என்றும் புரதம் 14 வீதம் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. புதியதில் நார்ச்சத்து கூடியது 12 வீதம் என்றும் புரதம் 18 வீதம் என்றும் இருக்கிறது. "குறைந்தது" என்ற சொல் "கூடியது" என்று மாறியிருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கோழித் தீனியில் நார் மிகுந்துவிடக் கூடாது என்பதால் அதற்கு மேல் எல்லை போடுவது வழக்கம். முயலுக்கு நார் குறைந்துவிடக் கூடாது என்பதே கவலை, ஆகவே அதற்குக் கீழ் எல்லைதான் தேவை. கூடியது 12 வீதம் என்றால் அதில் 5 வீதம் இருந்தாலும் தாங்கள் சொன்ன சொல் தவறாது. ஆனால் முயலின் வயிறு தவறிப்போகும்.

தீனி செய்யும் நிறுவனத்துக்கு முயலின் வயிற்றைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், பொதியைப் பார்த்தால் சொல்ல வேண்டிய தேவை இருப்பதாகவே தோன்றுகிறது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வளரும் அந்தப் பற்கள் புல்லையும் உலர்புல்லையும் மணிக்கணக்காக அரைப்பதால்தான் தேய்கின்றன. குடலை அசைய வைப்பதும் அதே நார்தான். செரிக்காத நார் விரைவாக வெளியேற, மீதி சீக்கம் என்ற பெரிய குடற்பையில் நொதித்து மென்மையான உருண்டைகளாக வெளிவருகிறது. முயல் அதைத் திரும்பவும் உண்டு சத்தைப் பெறுகிறது. நார் குறைந்து மாச்சத்தும் புரதமும் கூடும்போது அந்த நொதிப்பு குழம்பி, வாயு கட்டி, குடல் நின்றுவிடுகிறது. முயலுக்கு வாந்தி எடுக்கவும் இயலாது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அது அவசர நிலை.

எங்கள் வீட்டில் மூன்று முயல்கள் இருக்கின்றன. தரம் ஆறில் படிக்கும் என் மகளின் முயல்கள் அவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு மூன்றுக்கும் சேர்த்து 150 கிராம் தீனியை நிறுத்துத்தான் வைப்போம், மீதி வயிற்றைப் புல் நிரப்பும். புதிய பொதியைத் திறந்து எட்டாம் நாள் மாலையில், சாம்பல் நிற முயல் தீனியையும் தொடவில்லை, வற்றாளைக் கொடியையும் தொடவில்லை. வயிறு பறை போல இறுகியிருந்தது. கூட்டின் அடியில் மிளகை விடச் சிறிய புழுக்கைகள் சில மட்டுமே கிடந்தன. விடியும் வரை மகள் உறங்கவில்லை. காலையில் பிரம்புக் கூடையில் வைத்து, ஓட்டோ பிடித்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போனோம். ஆடு மாடுகள் நிறைந்த வரிசையில் முயலோடு நின்றவர்கள் நாங்கள் மட்டுந்தான். அங்கிருந்த வைத்தியர் ஊசி போட்டு, தீனியை அடியோடு நிறுத்தி, உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுக்கச் சொன்னார். மூன்று நாட்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சில் நீராகாரம் ஊட்டினோம். நான்காம் நாள் அது தானாக அறுகம்புல்லைக் கடித்தது.

இதற்குத் தங்கள் தீனி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆய்வுகூடச் சான்று இல்லை. அந்த வாரம் சோளகக் காற்று அனலாக வீசியது, வெப்பமும் முயலை வாட்டும். ஆனால் அதே கூட்டில், அதே வெப்பத்தில், முந்தைய ஆண்டுகளில் இப்படி நடக்கவில்லை. மாறியது தீனி ஒன்றுதான்.

தீனியின் நிலையையும் சொல்ல வேண்டும். பொதியைப் பிரித்தவுடன் பழைய சாக்கின் வாடை அடித்தது. மாவுக்கு வைத்திருக்கும் அரிதட்டில் முழுவதையும் அரித்து, அயல் கடைத் தராசில் நிறுத்தேன். 4 கிலோவில் 640 கிராம் வெறும் தூள். விலைக் கணக்கில் அது 360 ரூபா. முன்பு 33 நாட்கள் வந்த பொதி இப்போது 22 நாட்களோடு முடிந்துவிடும். சில துண்டுகளின் மேல் பச்சை கலந்த சாம்பல் நிறப் படிவும் இருந்தது. சோளத்திலும் புண்ணாக்கிலும் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும் என்பதும், அந்த நஞ்சை மிகக் குறைவாகத் தாங்கும் விலங்குகளில் முயலும் ஒன்று என்பதும் தாங்கள் அறிந்தவை. பொதியில் காலாவதித் திகதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டப்பட்டு, அதன் மேல் 2025 ஜனவரி என்று அச்சிடப்பட்டிருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தேன். அடியில் 2024 ஏப்ரல் என்று இருக்கிறது. தொகுதி இலக்கம் எங்குமே இல்லை. இந்தத் துண்டைக் கடைக்காரர் ஒட்டினார் என்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் அவரிடம் இருந்த திறக்கப்படாத பெட்டியிலிருந்து எடுத்த மற்றொரு பொதியிலும் அதே துண்டு அதே இடத்தில் இருந்தது. அவரே முகம் சுருங்கிப் போய் நின்றார்.

பொதியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஜூலை 10ஆம் திகதி அழைத்தேன். தமிழில் பேசக்கூடியவர் இல்லை என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்கள். மறுநாள் தமிழ் தெரிந்த இளைஞர் ஒருவர் கிடைத்தார். அவர் பண்பாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. "அம்மா, இறைச்சிக்கு வளர்க்கிறீர்களா?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. இல்லை, பிள்ளையின் முயல்கள் என்றேன். புதிய தீனி முயலைச் சீக்கிரம் கொழுக்க வைப்பதற்காக மாற்றப்பட்டது என்றும், விலை கட்டாவிட்டால் தங்கள் நிறுவனத்தின் கோழிக்குஞ்சுத் தீனியையே கொடுக்கலாம், அது மலிவு என்றும் அவர் சொன்னார்.

இந்த இரண்டு பதில்களும் என்னை எழுத உட்கார வைத்தன. இறைச்சிக்கான முயல் மூன்று மாதமளவில் அறுக்கப்படும். அதற்கு வேகமாகச் சதை பிடித்தால் போதும். வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும். இரண்டின் தீனியும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் தங்கள் பொதியின் முகப்பிலோ சிறுமியொருத்தி வெள்ளை முயலை மடியில் வைத்திருக்கும் படம் இருக்கிறது. கோழிக்குஞ்சுத் தீனியைப் பற்றிய யோசனை இதிலும் பாரதூரமானது. குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்க அத்தீனியில் கலக்கப்படும் மொனென்சின், நராசின் போன்ற மருந்துகள் முயலுக்கு நஞ்சாகக்கூடியவை. முட்டைக் கோழித் தீனியிலோ 3.5 முதல் 4 வீதம் வரை கல்சியம் இருக்கும், அது முயலின் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறாகப் படியும். இதைக் கால்நடை வைத்தியர் எனக்கு விளக்கியிருக்காவிட்டால், பணம் மிச்சம் என்று நினைத்து அன்றே வாங்கியிருப்பேன். எத்தனை பேருக்கு இந்த யோசனை சொல்லப்பட்டிருக்கிறதோ தெரியாது.

"அப்படியானால் வேறு தீனி வாங்குங்கள்" என்று தாங்கள் எண்ணலாம். கொழும்பில் அது எளிது. இங்கே முயல் தீனி வைத்திருக்கும் கடைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அவற்றிலும் தங்கள் பொதிதான் இருக்கிறது. திமோத்தி உலர்புல் குளிர்நாட்டுப் புல். இறக்குமதியாகும் அதன் சிறு பொதிக்குக் கூரியர் கட்டணத்தையும் சேர்த்தால் என் ஒரு வாரச் சந்தைச் செலவு போய்விடும். மாரி முடிந்து தை, மாசி மாதங்களில் எங்களுக்குப் புல்லுக்குப் பஞ்சமில்லை. வாய்க்கால் கரையில் வளரும் கினிப்புல்லைப் பூ வருமுன் வெட்டி, தறப்பாளில் இரண்டு நாள் புரட்டிக் காயவைத்து, சாக்குகளில் கட்டி வைக்கிறேன். இந்த ஆண்டு ஆறு சாக்குகள் கட்டினேன், ஆனி பிறக்கும் முன்பே தீர்ந்துவிட்டன. அதன் பிறகு தரவை காய்ந்து மண் நிறமாகிவிடும். பச்சையாக இருப்பது வயல் வரம்பு மட்டுந்தான். அங்கே களைநாசினி எப்போது அடித்தார்கள் என்று தெரியாது. பற்றைகளுக்குள் இறங்கிப் புல் வெட்டும் துணிவு, கண்ணிவெடிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இலகுவில் வருவதில்லை. வைக்கோலில் சத்து இல்லை. ஆடுகளுக்குப் போடும் இப்பிலிப்பில் இலையைத் தொடர்ந்து கொடுத்தால் முயலின் உரோமம் உதிர்கிறது. ஆகவே ஆனி முதல் புரட்டாதி வரை தங்கள் பொதியையே நம்பி இருக்கிறோம். அந்தப் பொதியில் எழுதியிருப்பதுதான் எங்களுக்கு வைத்தியரும் வழிகாட்டியும். அதனால்தான் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் கோருவது இவைதான். பொதிக்குக் கொடுத்த 2,250 ரூபாவையும், முயலின் சிகிச்சைக்காக ஓட்டோவுக்கும் மருந்துக்கும் செலவான 1,900 ரூபாவையும் திருப்பித் தர வேண்டும். திகதி மாற்றி ஒட்டப்பட்ட பொதிகளை இம்மாவட்டக் கடைகளிலிருந்து மீளப் பெற வேண்டும். இதில் தாமதம் கூடாது, பணம் பிந்தினாலும் பரவாயில்லை. கொழுக்க வைக்கும் தீனியைத் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே பொதியின் முகப்பில் எழுதுங்கள். வீட்டு முயலுக்கான பழைய தீனியைத் தனியாகத் தாருங்கள், நார்ச்சத்தைக் கீழ் எல்லையாக அச்சிடுங்கள், தொகுதி இலக்கத்தைச் சேருங்கள். பொதியின் பின்புறத்தில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே உள்ளன. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்பதை நினைவூட்டுவதோடு, எங்கள் கடைக்காரரும் வாங்குவோரும் வாசிப்பது தமிழில்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தொலைபேசியில் பதில் சொல்வோருக்குக் கோழித் தீனி பற்றிய உண்மையை உடனே அறிவியுங்கள்.

ஒரு யோசனையும் உண்டு, விரும்பினால் கேளுங்கள். தை மாதத்தில் இங்கே வீணாகும் கினிப்புல்லை உலர்த்திக் கட்டித் தருவதற்குப் பரந்தனிலும் மாங்குளத்திலும் ஆட்கள் கிடைப்பார்கள். இறக்குமதிப் புல்லை விட மிகக் குறைந்த விலையில் தாங்கள் அதை விற்கலாம்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள், அதாவது செப்டெம்பர் 29ஆம் திகதிக்கு முன்னர் முறையிடுவேன். விலங்குத் தீவனம் தொடர்பான 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தைச் செயற்படுத்தும் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்துக்கும் பிரதி அனுப்புவேன். பற்றுச்சீட்டின் பிரதி, பழைய, புதிய பொதிகளின் பின்புறப் படங்கள், உரித்த திகதித் துண்டின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அரித்தெடுத்த தூளும் மீதித் தீனியும் மூடிய போத்தலில் என்னிடம் உள்ளன. பரிசோதனைக்குக் கேட்டால் ஒரு பகுதியைத் தருவேன், முழுவதையும் தர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்