உத்தியை மனப்பாடப் பகுதியாக்காதீர்கள்: மேல்நிலை வணிகவியல் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் மேல்நிலை வணிகவியல் பாடநூலை எழுதித் திருத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் முடிக்கும் மாணவர் ஃபேயல் சொன்ன 14 மேலாண்மைத் தத்துவங்களையும் சந்தையிடுகைக் கலவையின் நான்கு கூறுகளையும் வரிசை பிசகாமல் எழுதிவிடுகிறார். எதிர்க்கடைக்காரர் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டுமா என்று கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிவதில்லை. அந்தத் தொடக்கத்தைச் சொல்லித்தர ‘வணிக உத்தி’ என்ற தலைப்பில் ஓர் அலகு வேண்டும் என்று கேட்கிறோம். 12 பக்கங்களும் 8 பாடவேளைகளும் போதும்.

இது கல்லூரியில் படிக்க வேண்டிய பாடம் என்று தள்ளிவைக்க முடியாது. பட்டயக் கணக்காளருக்கான சி.ஏ. இடைநிலைத் தேர்வின் ஆறாம் தாளில் 50 மதிப்பெண் உத்திசார் மேலாண்மைக்கே உரியது. செலவுக் கணக்காளருக்கான சி.எம்.ஏ. இடைநிலையில் ஒன்பதாம் தாளில் அது வருகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு அடிப்படைத் தேர்வை எழுதித் தேறும் பிள்ளை, அடுத்த ஓரிரு ஆண்டில் இந்தப் பாடத்தை முதன்முதலாகப் பார்க்கிறது. பார்த்ததும் அதையும் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது.

அலகை வரையறையில் தொடங்காதீர்கள், ஒரு கணக்கில் தொடங்குங்கள். எல்லா ஊரிலும் உள்ள இட்லி மாவு வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்காக இந்த எண்களை வைத்துக்கொள்வோம். கடைக்குக் கொடுக்கும் விலை கிலோ 45 ரூபாய். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்குச் செலவு 30. மீதி 15 ரூபாய். இடத்து வாடகை, ஆள் சம்பளம், கிரைண்டர் தவணை என்று மாதம் 24,000 ரூபாய் எப்படியும் போகும். ஆக மாதம் 1,600 கிலோ விற்றால்தான் கையைக் கடிக்காது. 26 நாள் வேலை என்றால் நாளுக்கு ஏறக்குறைய 62 கிலோ. போட்டிக்காரரைப் பார்த்து நாமும் 5 ரூபாய் குறைத்தால் மீதி 10 ஆகிவிடும். இப்போது 2,400 கிலோ விற்க வேண்டும், அதாவது நாளுக்கு 92 கிலோ. அந்த 30 கிலோவை வாங்க அந்தத் தெருவில் ஆள் இருக்கிறதா? உத்தி பற்றிய பேச்சு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அடுத்து ஒரு தேர்வைக் கொடுங்கள். கடைகளில் நாளுக்கு 70 கிலோ விற்கும். ஆனால் அதற்குச் சற்று அதிகமாகவே அரைத்துப் போட வேண்டியிருக்கும், விற்காமல் புளித்த மாவு திரும்பி வரும். ஓட்டல்களுக்கு 100 கிலோ போடலாம். விலை 38தான், கவர் செலவு இல்லாததால் அடக்கம் 28. மாவு திரும்பி வராது, ஆனால் பணம் 15 வேலைநாள் கழித்துத்தான் வரும். ஓட்டல் வழியில் மாதம் 2,000 ரூபாய் லாபம், ஆனால் அடக்க விலையில் 42,000 ரூபாய் கடனில் நிற்கும். கடை வழியில் ஒரு கிலோகூடத் திரும்பாவிட்டால் 3,300 லாபம். அரைத்ததில் நூற்றுக்கு 5 கிலோ திரும்பினால் லாபம் 430 ரூபாயைக்கூடத் தொடாது, 6 கிலோ திரும்பினால் நட்டம். மாணவர் இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, கையில் 42,000 இல்லாதவர் எந்த வழியை எடுப்பார், ஏன் என்று ஐந்து வரி எழுதட்டும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும் என்பது அப்போது தானாகவே விளங்கும். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் உத்தி பற்றி 1996ல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்தும் எதைச் செய்யாமல் விடுவது என்று தெரிவு செய்வதுதான்.

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வியாபாரத்தை அலசும் சட்டகங்கள் வர வேண்டும். முன்னால் வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் கட்டங்களே சாட்சி. ‘நல்ல தரம்’, ‘கடின உழைப்பு’, ‘போட்டி அதிகம்’ என்று எந்த வியாபாரத்துக்கும் ஒட்டுகிற சொற்களால் கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. ஒரு விதியை அச்சிடுங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் எழுதும் வரியில் ஓர் எண்ணோ குறிப்பிட்ட ஒரு போட்டியாளருடன் ஒப்பீடோ இருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. ஒரு தொழிலில் போட்டியைத் தீர்மானிப்பவை என்று போர்ட்டர் 1979ல் முன்வைத்த ஐந்து விசைகளையும் மாவு வியாபாரத்தின் மேலேயே வைத்துக் காட்டலாம். ஒரு கிரைண்டர் வாங்கினால் யாரும் நுழைந்துவிடலாம், உளுந்து விலை நம் கையில் இல்லை, பெரிய ஓட்டல் சொல்வதுதான் விலை, கடையில் ரெடிமிக்ஸ் பாக்கெட் இருக்கிறது, பக்கத்துத் தெருவிலும் மாவு அரைக்கிறார்கள். ஐந்தும் வந்துவிட்டன.

பெரிய நிகழ்வாய்வு ஒன்று போதும், அதை மதுரையிலிருந்தே எடுங்கள். 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை வெளிநாட்டு மேலாண்மைப் பள்ளிகள் பாடமாகவே படிக்கின்றன. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள்; ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி இன்னொன்றில் ஆயத்தமாக இருப்பார். மற்ற வேலைகளைச் செய்வது அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இதைச் சேவைக் கதையாக மட்டும் எழுதிவிட வேண்டாம். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. ‘உத்தி’, ‘வியூகம்’, ‘தந்திரம்’ மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றி வந்தால் பிள்ளை குழம்பும். ஒரு சொல்லை நிலையாக வைத்து, அதற்கான ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் அச்சிடுங்கள். தமிழ் வழியில் படித்தவர் கல்லூரியில் சந்திக்கப் போவது அந்த ஆங்கிலச் சொல்லைத்தான்.

இவ்வளவும் செய்து வினாத்தாளைத் தொடாமல் விட்டால் உழைப்பு வீண். 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்ணில் ஏழேழு. ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்று ‘அல்லது’ இல்லாத கட்டாய நிகழ்வாய்வாக இருக்கட்டும், புத்தகத்தில் இல்லாத புது எண்களோடு. புத்தகத்தில் உள்ளதையே கேட்டால் அடுத்த மாதமே கைடுகளில் விடை அச்சாகிவிடும், அலகும் மனப்பாடப் பகுதியாகிவிடும். விடைக்குறிப்பில் கணக்குக்கு 3, காரணத்துக்கு 2 என்று பிரித்து, காரணம் பொருந்தினால் எந்த முடிவுக்கும் முழு மதிப்பெண் என்று எழுதிவையுங்கள்.

கடைசி நான்கு பக்கங்களைப் பட்டப்படிப்புத் தெரிவுக்கு ஒதுக்குங்கள். அதுவும் ஒன்றை எடுத்து மற்றதை விடும் கணக்குதான். பி.காம். பொது, கணினிப் பயன்பாடு, நிறுமச் செயலாண்மை, கணக்கும் நிதியும் என்று பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத் தளத்திலிருந்து மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை எடுத்து, பகுதி ஒன்று தமிழையும் பகுதி இரண்டு ஆங்கிலத்தையும் கழித்து, பகுதி மூன்றில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தாள்களை அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் தாள்கள்தான் அந்தப் பெயருக்கான உண்மையான வேறுபாடு. எம்.பி.ஏ. சேர எந்தப் பாடத்தில் பெற்ற பட்டமும் ஏற்கப்படும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பி.பி.ஏ. முடித்து உடனே எம்.பி.ஏ. போகிறவர் மேலாண்மைத் தத்துவங்களையும் சந்தையிடுகையையும் மனிதவளத்தையும் மறுபடி படிக்கிறார். மேற்படிப்பு உறுதி என்றால் கணக்கியல், பொருளியல், புள்ளியியல் ஒன்றில் அடித்தளம் போடுவது மேல் என்பது எங்கள் கருத்து. பட்டம் முடித்ததும் குடும்ப வியாபாரத்தில் உட்காரப் போகிறவருக்கு பி.பி.ஏ. பொருந்தும்.

இந்த நான்கு பக்கங்கள் பதினோராம் வகுப்புப் புத்தகத்திலும் வர வேண்டும். புள்ளியியல் பட்டத்துக்குப் பொதுவாக மேல்நிலையில் கணிதம், வணிகக் கணிதம் போன்ற ஒரு பாடம் படித்திருக்க வேண்டும் என்பது பிளஸ் டூ முடிவு வந்தபின் தெரிந்து பயனில்லை. 2025ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு விலக்கப்பட்டதால் அந்த ஆண்டில் இதற்கு நேரமும் இருக்கிறது. மாவுக் கணக்கின் பயிற்சித்தாளையும், மூன்று மாதிரி வினாக்களை விடைக்குறிப்போடும் எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வணிகவியலும் மேலாண்மையும் கற்பிக்கும் ஆசிரியர்கள்