எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா: பாடப்பிரிவைப் பார்த்து முடிவு செய்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்களுக்காகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்ணப்பம், கல்விக் கட்டணம், விசா ஆகியவற்றைப் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, சேர்க்கைக்காக எழுதப்படும் எஸ்.ஏ.டி. (SAT), ஏ.சி.டி. (ACT) ஆகிய இரு தகுதித் தேர்வுகளில் எதை எழுதுவது என்ற கேள்வியை மட்டும், 'அறிவியல் பிரிவு மாணவர்களுக்கு ஏ.சி.டி., மற்றவர்களுக்கு எஸ்.ஏ.டி.' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது இவ்விரு தேர்வுகளுக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

ஏ.சி.டி.யின் அறிவியல் பகுதி, பெயரைப் பார்த்து நாம் எண்ணுவது போலப் பாடநூல் அறிவைப் பெரிதாகச் சோதிப்பதில்லை. ஒரு பரிசோதனையின் அட்டவணையையும் இரண்டு வரைபடங்களையும் கொடுத்து, வெப்பநிலை கூடும்போது கரைதிறன் என்ன ஆகிறது, மூன்றாவது சோதனையில் எந்த அளவு மாறாமல் வைக்கப்பட்டது என்ற வகையில்தான் பெரும்பாலான வினாக்கள் வருகின்றன. சூத்திரங்களை நெட்டுருப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிப் பழகிய மாணவர் அங்கே திணறுவதையும், வணிகவியல் படிக்கும் மாணவி வரைபடத்தின் அச்சுகளை நிதானமாகப் பார்த்து விடை சொல்வதையும் கண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, 2025-ஆம் ஆண்டு தொடங்கிய புதிய வடிவத்தில் அறிவியல் பகுதியே விருப்பப் பகுதியாகிவிட்டது. 36-க்குக் கணக்கிடப்படும் ஒட்டுமொத்த மதிப்பெண் இப்போது ஆங்கிலம், கணிதம், வாசிப்பு ஆகிய மூன்றின் சராசரிதான். விண்ணப்பிக்கும் கல்லூரி அறிவியல் மதிப்பெண்ணைக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அதை வைத்துத் தேர்வையே முடிவு செய்வதில் பொருளில்லை.

உண்மையான வேறுபாடு நேரத்திலும் வினாக்கள் அமைந்திருக்கும் முறையிலும் உள்ளது. எஸ்.ஏ.டி.யில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 64 நிமிடங்களில் 54 வினாக்கள். கணிதத்துக்கு 70 நிமிடங்களில் 44 வினாக்கள். புதிய ஏ.சி.டி.யில் ஆங்கிலத்துக்கு 35 நிமிடங்களில் 50 வினாக்கள், கணிதத்துக்கு 50 நிமிடங்களில் 45, வாசிப்புக்கு 40 நிமிடங்களில் 36. கணிதத்தில் ஒரு வினாவுக்கு எஸ்.ஏ.டி. ஏறத்தாழ 95 விநாடிகளும், ஏ.சி.டி. 67 விநாடிகளும் தருகின்றன என்பதே பல மாணவர்களுக்கு விடையைச் சொல்லிவிடும். வாசிப்பிலும் அப்படித்தான்: எஸ்.ஏ.டி.யில் சில வரிகள் கொண்ட சிறு பத்திக்கு ஒரு வினா மட்டுமே, ஏ.சி.டி.யில் ஒரு நீண்ட பகுதியைப் படித்து, அதன்மீது வரிசையாக வரும் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சிறு பத்திதான் எளிது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வினாவுக்கும் புதிய பொருளுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் களைத்துப்போகும் மாணவர்களும் உண்டு.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 2023 மார்ச் முதல் அமெரிக்காவுக்கு வெளியேயும், 2024 மார்ச் முதல் அமெரிக்காவிலும் கணினி வழியாக நடக்கும் எஸ்.ஏ.டி.யில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு தொகுதிகளாக வருகிறது. முதல் தொகுதியை எழுதியதைப் பொறுத்தே இரண்டாவது தொகுதி கடினமாகவோ எளிதாகவோ அமையும்; எளிய தொகுதிக்குப் போனவர் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஆகவே, தொடக்கத்தில் பதறிக் கவனப் பிழை செய்யும் மாணவருக்கு இழப்பு சற்றுக் கூடுதல். ஏ.சி.டி.யில் இந்த ஏற்பாடு இல்லை. மறுபுறம், எஸ்.ஏ.டி. திரையிலேயே வரைபடக் கணிப்பான் உள்ளது; இரண்டு சமன்பாடுகளைத் தட்டச்சு செய்தால் அவை வெட்டும் புள்ளி கண்ணெதிரே வந்துவிடும். அதைக் கையாளப் பழகியவர்கள் மிச்சப்படுத்தும் நேரம் கணிசமானது.

இவற்றில் எது தன் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைப் பாடப்பிரிவைக் கொண்டோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கொண்டோ சொல்ல முடியாது. இரு தேர்வுகளின் நிறுவனங்களும் இலவசமாக வெளியிட்டுள்ள முழு மாதிரித் தேர்வுகளில் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை, வெவ்வேறு நாள்களில், கடிகாரம் வைத்து, இடையில் எழுந்துபோகாமல் எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு, இரு நிறுவனங்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட மதிப்பெண் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்கலாம், அதன்படி ஏ.சி.டி.யில் 31 என்பது எஸ்.ஏ.டி.யில் 1400-க்கும், 34 என்பது 1500-க்கும் இணை. தெளிவான வேறுபாடு தெரிந்தால் உயர்ந்து நிற்கும் தேர்வையே எடுக்கலாம். இரண்டும் சமமாக இருந்தால், எதில் நேரம் போதாமல் வினாக்கள் விடுபட்டன என்று பார்ப்பது என் வழக்கம். தெரியாமல் விட்டதைப் படித்துச் சரிசெய்வதைவிட, வேகத்தைக் கூட்டுவது கடினம்.

என்னிடம் வந்த ஒரு மாணவியின் பெற்றோர், ஒரு பயிற்சி மையத்தில் இரு தேர்வுகளுக்கும் சேர்த்துப் பெருந்தொகை கட்டியிருந்தனர். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அங்கே சொன்னார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களோடு இரண்டு தேர்வுகளின் வேகத்துக்கும் மாறி மாறிப் பழகிய அந்தப் பெண், ஒன்றிலும் நிலைகொள்ளவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டில் ஒன்றை உயர்வாகவோ தாழ்வாகவோ கருதுவதில்லை. இரண்டையும் அனுப்பினால் கூடுதல் மதிப்பும் இல்லை. இதைச் சொல்லும் விளம்பரத்தை நான் இதுவரை கண்டதில்லை.

எந்தக் கல்லூரி மதிப்பெண்ணைக் கேட்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. கொரோனா காலத்தில் இம்மதிப்பெண்ணை அனுப்பும் கட்டாயத்தைத் தளர்த்திய கல்லூரிகளில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மத், ஹார்வர்ட் போன்றவை 2024-இலும் அதை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ சேர்க்கை முடிவில் இம்மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை.

தங்கள் கல்விப் பக்கத்தில் இது குறித்து மீண்டும் எழுதும்போது, மேற்சொன்ன ஒப்பீட்டு அட்டவணையை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐந்து விடைத் தெரிவுகளுடன் 60 கணித வினாக்கள் கொண்ட பழைய ஏ.சி.டி. பயிற்சி நூல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், எந்த ஆண்டின் தேர்வு வடிவத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதையும் தலைப்பின் கீழேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்