புள்ளிமான்களுக்குத் தீவுக்கென்று ஒரு மேலாண்மைத் திட்டம் கோரி மனு

அனுப்புநர்:
தமிழ் விவசாயக் குடும்பங்கள்,
தெற்கு அந்தமான்.

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
அந்தமான் நிக்கோபார் நிர்வாகம்,
ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்).

பொருள்: புள்ளிமான்களால் பயிர்ச்சேதம் – நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

புள்ளிமான் இந்தத் தீவுகளின் சொந்த விலங்கு அல்ல. வேட்டைக்காக வெள்ளைக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்டவை. இங்கே மானைத் தின்னும் புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் கிடையாது. இத்தீவுகளின் பழங்குடிகளான ஜாரவா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பன்றிக்குத்தான் அம்பு எடுத்தார்கள். மான்கறி அவர்கள் வழக்கத்தில் இருக்கவில்லை. அதனால் மான்கள் தடையின்றிப் பெருகின. அப்புறம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டில் புலிக்கு இரையாகும் மானுக்கும், கடலில் நீந்தித் தீவு தாண்டும் இந்த மானுக்கும் ஒரே விதி.

விளைவைத் தோட்டத்தில் பார்க்கலாம். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லாததால், பயற்றங்கொடி நுனி வெட்டியது போல இருக்காது, பிய்த்து இழுத்தது போலத் தொங்கும். கிழிந்த மீன்வலைகளை வேலியாகக் கட்டிப் பார்த்துவிட்டோம், தாண்டிவிடுகிறது. காட்டுக்குள்ளும் இளம் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் மரங்கள் தழைப்பதில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்துக்குப் பயந்தவன் பயிரை இழக்கிறான். பயப்படாதவன் சுருக்குக் கண்ணி வைத்துக் கறியை ரகசியமாக விற்கிறான். தடை இருந்தும் வேட்டை நிற்கவில்லை, கணக்கில்தான் வராமல் போகிறது.

எங்கள் கையில் துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்கவில்லை. எங்களிலேயே பலருக்கு மானைக் கொல்ல மனம் வராது. ராஸ் தீவில் (இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) அது மனிதர் கைக்கே வந்து தீனி வாங்குவது பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிற்கும் பயிரை அழிக்கும் விலங்கைப் பிடிக்கவோ அகற்றவோ எழுத்துமூலம் அனுமதிக்கச் சட்டத்தின் 11(1)(ஆ) பிரிவு தங்களுக்கு அதிகாரம் தருகிறது. நிக்கோபார் பழங்குடியினரின் வேட்டை உரிமையை 65ஆம் பிரிவு தனியாகப் பாதுகாக்கிறது. தீவின் நிலைமைக்கு இடம் கொடுப்பது சட்டத்துக்குப் புதிது அல்ல.

ஆகவே, தீவுவாரியாக மான்களைக் கணக்கெடுத்து, சேதம் மிகுந்த இடங்களில் வனத்துறையே அவற்றைக் குறைக்கவும், அதுவரை உயரமான கம்பிவேலிக்கு மானியம் வழங்கவும் வேண்டுகிறோம். சுற்றுலாப் பயணிகள் மானுக்குத் தீனி போடுவதையும் நிறுத்த வேண்டும். பிடித்த மான்களை இன்னொரு தீவில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம்.

சேதப் படங்களும் மனுவின் இந்தி நகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பங்கள்)